கல்லியோ கொடுத்த நிலம்

1918 மே மாதத் தொடக்கம். பின்லாந்து நாட்டின் நிவாலா என்னும் கிராமத்துத் தேவாலயத்தில் க்யோஸ்தி கல்லியோ என்ற விவசாயி பேச எழுந்தார். அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் ஊராருக்கு முதலில் பக்கத்து வயல்காரர். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. வெண்படை எனப்பட்ட அரசுத் தரப்பு வென்றிருந்தது. செம்படையாகத் திரண்ட ஆலைத் தொழிலாளர்களும் நிலமற்ற கூலிகளும் குத்தகைக் குடியானவர்களும் தோற்றிருந்தார்கள். முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 36,000 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். களத்தில் விழுந்தவர்கள் அதில் ஒரு பகுதிதான். சுட்டுக் கொல்லப்பட்டவர்களும், தோல்விக்குப் பின் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் செத்தவர்களும் அதைவிட அதிகம்.

வென்றவர்கள் பழிதீர்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், வென்ற பக்கத்தைச் சேர்ந்த கல்லியோ தன் ஊராரிடம் வேறொன்றைக் கேட்டார். செம்படை, வெண்படை என்ற பிரிவே இல்லாத ஒரு நாட்டைக் கட்டவேண்டும், அதில் தனக்கும் இடம் உண்டு என்று ஒவ்வொருவருக்கும் தோன்றவேண்டும் என்றார். இப்படிப் பேசியவர்கள் உலகில் பலர். கல்லியோவை நான் மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்காக.

அந்நாட்டுக் குத்தகைக் குடியானவர் நிலைமை நம் டெல்டாக் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு விளக்காமலே புரியும். நிலம் பண்ணைக்காரருடையது. குடியானவர் அதில் குடிசை போட்டுக்கொண்டு, பயிர் செய்து, வாடகைக்குப் பதில் வாரத்தில் இத்தனை நாள் என்று பண்ணையில் உழைக்கவேண்டும். முதலாளிக்கு மனம் மாறினால் தலைமுறையாக இருந்த வீட்டைவிட்டு வெளியேறவேண்டியதுதான். செம்படைக்கு ஆள் சேர்ந்ததில் இந்தக் கொதிப்புக்குப் பெரும் பங்குண்டு. போர் முடிந்த அதே ஆண்டு அக்டோபரில், உழுத நிலத்தைப் பழைய விலையில் குடியானவரே வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. குத்தகை நிலம்கூட இல்லாத கூலிகளுக்கும் வழி செய்யவேண்டும் என்று கல்லியோ விடாமல் நின்றார். தேவைப்பட்டால் பெரும் பண்ணைகளிடமிருந்து கட்டாயமாக நிலத்தை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நேற்று எதிரில் துப்பாக்கி பிடித்து நின்றவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பதா என்று கசந்தவர்கள் இருந்திருப்பார்கள். நிலம் கைமாறியது.

இதையெல்லாம் நான் எழுதுவது நில உரிமையைப் பற்றிப் பேச அல்ல. நாடுகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசத்தான். பள்ளியில் நெடுங்காலம் வரலாறு நடத்தியவன் நான். எங்கே சண்டை மூண்டாலும், யாரிடம் எத்தனை விமானம், யாரிடம் எத்தனை ஏவுகணை, யார் பின்னால் எந்த வல்லரசு என்றுதான் பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது கணக்கின் இரண்டாம் பக்கம். முதல் பக்கம், அந்த நாட்டில் வலியவன் எளியவனை எப்படி நடத்தினான் என்பது. இதை அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் தந்தது பின்லாந்து.

1939-க்கு வருவோம். லெனின்கிராட், அதாவது இன்றைய செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், பின்லாந்து எல்லையிலிருந்து வெறும் 32 கிலோமீட்டரில் இருந்தது. ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்து, இடையிலிருந்த நாடுகளை இரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்டோபரில் பாசிகிவி என்ற பின்லாந்தின் முதிய அரசியல்வாதி பேச்சுவார்த்தைக்காக ரயிலேறி மாஸ்கோ போனார். ஸ்டாலினே நேரில் அமர்ந்து பேசினார். கரேலிய நிலப்பகுதியில் எல்லையைப் பின்னுக்குத் தள்ளவேண்டும், வளைகுடாத் தீவுகள் வேண்டும், ஹாங்கோ துறைமுகத்தைக் குத்தகைக்குத் தரவேண்டும், பதிலுக்கு வடக்கே ஏறத்தாழ இருமடங்கு காட்டு நிலம் தருகிறோம் என்றார்கள். லெனின்கிராட்டை நகர்த்தமுடியாது, ஆகவே எல்லையைத்தான் நகர்த்தவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

பெரிய நாட்டுக்கும் பயம் உண்டு. தன் இரண்டாவது பெரிய நகரம் பீரங்கி எட்டும் தூரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மாஸ்கோ பயந்தது பாசாங்கில்லை என்றே நான் நினைக்கிறேன். பின்லாந்தின் தளபதி மன்னர்ஹெய்ம்கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் சொன்னார். வெளியுறவு அமைச்சர் எர்க்கோ இணங்கவில்லை. யார் சொன்னது சரி? எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் அதே இலையுதிர்காலத்தில் சோவியத் படைத்தளங்களுக்குச் சம்மதித்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் அந்த நாடுகள் சோவியத் ஒன்றியத்துக்குள் போய்விட்டன. கொடுத்தவனும் பிழைக்கவில்லை என்றால், கொடுக்காதவனைப் பிடிவாதக்காரன் என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 26 அன்று மைனிலா என்ற எல்லை ஊரில் குண்டு வெடித்தது, பின்லாந்துதான் சுட்டது என்று மாஸ்கோ குற்றம் சாட்டியது. 30-ஆம் தேதி படையெடுப்பு. ஹெல்சிங்கி மேல் குண்டு விழுந்தது. டிசம்பர் 1 அன்று, எல்லையோர ஊரான தெரியோகியில், பின்லாந்துக்குப் புதிய 'மக்கள் அரசு' அமைந்துவிட்டதாக அறிவித்தார்கள். தலைவர் ஓட்டோ குசினென், 1918 தோல்விக்குப் பின் ரஷ்யாவுக்குப் போன செம்படைத் தலைவர்களில் ஒருவர். பெரும் பண்ணைகளின் நிலத்தைப் பங்கிட்டுத் தருவோம், எட்டு மணி நேர வேலைநாள் தருவோம் என்று அவர் அரசு அறிக்கை விட்டது. ஏழைகள் பாட்டாளிகளின் அரசை வரவேற்று எழுவார்கள், சில வாரத்தில் காரியம் முடிந்துவிடும் என்பது மாஸ்கோவின் எதிர்பார்ப்பு.

யாரும் வரவில்லை.

எட்டு மணி நேர வேலைச் சட்டம் பின்லாந்தில் 1917-லேயே வந்துவிட்டது. நிலம் பதினேழு, இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. சிறைமுகாமில் தகப்பனைப் பறிகொடுத்த மகன், தன் பெயரில் பட்டா உள்ள நிலத்தை விட்டுவிட்டு எதிரிப் படையை வரவேற்க ஏன் போகவேண்டும்? 1937-இல் கல்லியோ குடியரசுத் தலைவரானார். அவருக்கு முன்னிருந்தவர் வாசலிலேயே நிறுத்தியிருந்த சமூக ஜனநாயகக் கட்சி, செம்படையின் வாரிசாகப் பார்க்கப்பட்ட கட்சி, விவசாயிகள் கட்சியோடு சேர்ந்து அரசமைத்தது. ஆகவே 1939 டிசம்பரில் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் அந்தக் கட்சியின் வைனோ தன்னர். எந்த மக்களை நம்பி ஸ்டாலின் பொம்மை அரசு அமைத்தாரோ, அந்த மக்களின் தலைவர் ஹெல்சிங்கி அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்.

என் பேத்தி கல்லூரியில் சர்வதேச உறவுகள் படிக்கிறாள். நான் இதைச் சொன்னால் மறுப்பாள். "தாத்தா, நீங்க சொல்றது கேக்க நல்லாருக்கு. ஆனா குளிர் மைனஸ் நாப்பது. காடு, ஏரி, உறைபனி. ஸ்டாலின் தன்னோட தளபதிகளையே கொன்னு தீர்த்திருந்தார். அதனாலதான் தாக்குப்பிடிச்சாங்க." அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பனிச்சறுக்குப் பட்டைகளில் வந்து நீண்ட படை வரிசைகளைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட உத்தியைப் பற்றி அவள் எனக்கே பாடம் எடுப்பாள். நான் அவளிடம் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பட்டையில நின்னவன் யாரும்மா?" குளிர் யார் பக்கமும் சேராது. இருபது வருடத்துக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற இரு கூட்டத்தின் பிள்ளைகள் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள் என்பதைக் குளிர் விளக்காது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1940 ஜனவரி 23 அன்று, முதலாளிகள் சங்கம் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்குச் சமமான தரப்பாக முதன்முறை ஏற்றுக்கொண்டது. ஆபத்து வந்த பிறகு சேர்ந்துகொள்வது எல்லா நாட்டிலும் நடக்கும், ஆபத்து போனதும் கலைந்தும் போகும். இங்கே ஆபத்துக்கு முன்பே அஸ்திவாரம் போட்டிருந்ததால், சேர்ந்தது ஒட்டியது. வெண்படையின் வெற்றி விழாவாக ஆண்டுதோறும் கொண்டாடப்பட்ட மே 16-ஐ 1940-இல் கைவிட்டு, இரு பக்கத்திலும் இறந்த எல்லோருக்கும் நினைவுநாள் வைத்தார்கள். உத்தரவிட்டவர், 1918-இல் வெண்படையின் தளபதியாக இருந்த அதே மன்னர்ஹெய்ம். தன் வெற்றி விழாவைத் தானே விட்டுக்கொடுக்கும் தளபதிகள் வரலாற்றில் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

வெளியார் உதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சர்வதேச சங்கம் டிசம்பர் 14 அன்று சோவியத் ஒன்றியத்தை வெளியேற்றியது. களத்தில் அதனால் ஒரு குண்டும் குறையவில்லை. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு ஸ்வீடனின் இரும்புத்தாது மேலும் ஒரு கண் இருந்தது. நார்வேயும் ஸ்வீடனும் வழிவிட மறுத்தன. ஸ்வீடனிலிருந்து 8,000 பேர் அளவுக்குத் தன்னார்வலர்கள் வந்தார்கள், அவர்களை நன்றியோடு சொல்லவேண்டும். மற்றபடி, தூரத்து நண்பர்களின் வாக்குறுதி அந்தக் குளிர்காலத்தில் வந்துசேரவில்லை.

105 நாள் தாக்குப்பிடித்தார்கள். 25,000-க்கும் மேற்பட்ட பின்லாந்து வீரர்கள் இறந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. அதற்குமேல் ஆளும் இல்லை, குண்டும் இல்லை. 1940 மார்ச்சில் மாஸ்கோ கேட்டது, அக்டோபரில் கேட்டதைவிட மிக அதிகம். கரேலிய நிலப்பகுதி முழுவதும், வீபுரி நகரம், லடோகா ஏரிக்கரை எல்லாம் சேர்த்து நாட்டின் பத்தில் ஒரு பங்கு. ஒப்பந்தத்துக்கு அதிகாரம் வழங்கும் தாளில் கையெழுத்திட வேண்டியவர் குடியரசுத் தலைவர் கல்லியோ. நிலமற்றவனுக்கு நிலம் கொடுப்பதே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அந்த விவசாயிக்கு, லட்சக்கணக்கானோரை நிலத்திலிருந்து பிடுங்கும் தாளில் கையெழுத்துப் போட நேர்ந்தது. இப்படி ஒரு தாளில் கையெழுத்திடும் கை பட்டுப்போகட்டும் என்று அவர் சொன்னதாக நாடெங்கும் பதிந்திருக்கிறது. அந்த ஆகஸ்டில் பக்கவாதம் தாக்கி அவர் வலக்கை செயலிழந்தது. பதவி விலகி, டிசம்பர் 19 அன்று சொந்த ஊருக்கு ரயிலேறப் போனவர், ஹெல்சிங்கி ரயில் நிலையத்தில் வழியனுப்பு மரியாதை நடந்துகொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார். சாபம் பலித்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு மனிதன் தாங்கக்கூடிய அளவு என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவே.

கையெழுத்தானதும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மாட்டையும் மூட்டையையும் ஓட்டிக்கொண்டு மேற்கே வந்தார்கள். நாட்டின் ஜனத்தொகையில் எட்டில் ஒருவர். சோவியத் ஆட்சியில் இருக்கலாம் என்று தங்கியவர்கள் மிகச் சொற்பம். சமாதானத்தின் விலையை இவர்கள் மட்டும் கொடுத்திருந்தார்கள். மேற்கிலிருந்த ஒருவரின் வரப்பும் ஒரு அங்குலம் நகரவில்லை.

எங்கள் பக்கத்தில் நாற்கரச் சாலை வந்தபோது, பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளில் கடைசித் தம்பியின் பங்கு மட்டும் அடியோடு சாலைக்குப் போனது. அரசாங்கப் பணம் அவன் இழப்பில் பாதிக்குக்கூட வரவில்லை. அண்ணன்மார் மூவரும் கூடிப் பேசி, "போனது அவன் நிலமில்லை, நம்ம அப்பா நிலம்" என்று, தங்கள் பங்குகளில் கொஞ்சம் கொஞ்சம் விட்டு அவனுக்கு வரப்பு போட்டுக் கொடுத்தார்கள். பின்லாந்து இதைச் சட்டமாகவே செய்தது. 1940 ஜூனில் அவசரமாக ஒரு குடியேற்றச் சட்டம், 1945-இல் விரிவான நிலச் சட்டம். அரசு நிலம், நகராட்சி நிலம், தேவாலய நிலம், கம்பெனிகளின் நிலம், அதற்குமேல் வசதியான விவசாயிகளின் நிலம் என்று எடுத்து, கரேலியாவிலிருந்து வந்தவர்களுக்கும் போர்வீரர்களுக்கும் போரில் கணவனை இழந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். சொத்து வைத்திருந்தவர்கள் மேல் சிறப்பு வரி விழுந்தது. சொத்து கூடக்கூட விகிதமும் கூடியது. அந்தப் பணம் இழந்தவர்களுக்கு ஈடாகப் போனது. ஒரே ஊர்க்காரர்களைக் கூடியவரை ஒரே வட்டாரத்தில் குடிவைத்தார்கள்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்லமாட்டேன். கிழக்கிலிருந்து வந்தவர்களின் பேச்சு வேறு, சமையல் வேறு, சிலருக்கு வழிபாட்டு முறையே வேறு. ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகளைப் பள்ளியில் ரஷ்யர்கள் என்று ஏசினார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். ஸ்வீடிய மொழி பேசும் பகுதிகள் பெருமளவுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன. மனம் நிறைந்து கொடுத்தால்தான் கொடை என்று நாம் நினைக்கிறோம். நாட்டு விஷயத்தில் முனகலோடு கொடுத்தாலும் போதும், கொடுத்தாகவேண்டும்.

இந்தக் கதையில் கறை இல்லாமல் இல்லை. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மேல் படையெடுத்தபோது, இழந்ததை மீட்க பின்லாந்தும் ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. பழைய எல்லையோடு நிற்கவில்லை. அதற்கப்பால் கிழக்குக் கரேலியாவைப் பிடித்து, பெட்ரோசவோட்ஸ்கிலும் சுற்றுப்புறத்திலும் ரஷ்யப் பொதுமக்களை முகாம்களில் அடைத்தது. அவர்களில் 4,000 பேருக்கு மேல் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். லெனின்கிராட் முற்றுகையில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தபோது நகரத்தின் வடக்குப் பக்கத்தை அடைத்து நின்றது பின்லாந்துப் படை. தன் மக்களிடம் அவ்வளவு நியாயம் காட்டிய நாடு, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களிடமும் குழந்தைகளிடமும் அதைக் காட்டவில்லை. இதைத் தள்ளிவிட்டு அந்த நாட்டைப் புகழ எனக்கு மனம் வராது. 1918-இல் சொந்த மக்களை முகாமில் சாகவிட்டுப் பாடம் கற்ற நாடு அது.

1944 செப்டம்பரில் மறுபடி தோல்வி, மறுபடி கையெழுத்து. திரும்பிப்போய் வீட்டைச் செப்பனிட்டிருந்த கரேலியர்கள் இரண்டாம் முறை மூட்டை கட்டினார்கள். வடக்கே பெட்சமோ பகுதியும் போனது. போர்க்கலாவைக் கடற்படைத் தளத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. 30 கோடி டாலர் இழப்பீடு, பணமாக அல்ல, கப்பலாக, ரயில் இயந்திரமாக, ஆலைக் கருவியாக, மரமாக. மரமும் காகிதமும் விற்றுப் பிழைத்த நாட்டில் இவற்றில் பலவற்றைச் செய்யத் தொழிற்சாலையே போதாது. முதலில் தொழிற்சாலையைக் கட்டி, பிறகு கடனைக் கட்டினார்கள். இடையில் மாஸ்கோ ஒரு பகுதியைக் குறைத்தது. 1952 செப்டம்பரில் கடைசிச் சரக்கு எல்லை தாண்டியது. அந்தக் கோடையில்தான் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கும் நடந்தது. நம் ஹாக்கி அணி தங்கம் வென்றது அங்கே. கே. டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கியதும் அங்கேதான். அந்த ஊர் அப்போது இன்னும் இழப்பீடு கட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நாற்பது ஆண்டு மாஸ்கோவின் முகம் பார்த்து நடந்தார்கள். 1948-இல் நட்பு ஒப்பந்தம், 1956-இல் போர்க்கலா திரும்ப வந்தது. அதே ஆண்டு பதவியேற்ற கெக்கோனென் 1982 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். சுதந்திரமும் தேர்தலும் இருந்தன. ஆனால் பக்கத்து நாட்டைப் பற்றி வாயைத் திறக்கும்போது நாட்டுக்கே தொண்டை அடைத்தது. ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சின் குலாக் என்னும் சோவியத் உழைப்பு முகாம்களைப் பற்றி எழுதிய நூலின் பின்லாந்து மொழிப் பதிப்பு முதலில் ஸ்வீடனில்தான் அச்சாகவேண்டியிருந்தது. வெளியே இருந்த சிலர் அதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்தார்கள். அடுத்த வீட்டில் அப்படியொருவன் இல்லாதவர்களுக்கு ஏளனம் சுலபம். அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பேசவேண்டியதைப் பேசாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

ரஷ்யா 2022-இல் உக்ரைன் மேல் முழுப் படையெடுப்பு நடத்தியதும் பின்லாந்து வழியை மாற்றியது. 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோவின் 31-ஆவது உறுப்பினரானது. ரஷ்யாவோடு அதற்குள்ள 1,340 கிலோமீட்டர் எல்லை அன்று கூட்டணியின் எல்லையானது. செய்தித்தாள்கள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. என் கண் வேறொரு எண்ணில் நின்றது. 55 லட்சம் பேர் உள்ள அந்த நாட்டில் 50,500 பதுங்கிடங்கள் இருக்கின்றன, 48 லட்சம் பேருக்கு அவற்றில் இடம் உண்டு. 1,200 சதுர மீட்டருக்கு மேல் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பினால் பதுங்கிடமும் கட்டியே தீரவேண்டும் என்பது சட்டம். செலவு கட்டுகிறவருடையது. குண்டு விழாத நாட்களில் அவற்றில் சில விளையாட்டுக் கூடமாகவும் நீச்சல் குளமாகவும் வண்டி நிறுத்துமிடமாகவும் இயங்குகின்றன. கதவுக்கான பொறுப்பும் காற்று வடிகட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அந்தந்தக் கட்டடத்துக்காரர்களுடையது.